ஏழு மூங்கில், மூன்று வளையல்

செய்தி பிற்பகல் இரண்டேகால் மணிக்கு வந்தது. கையில் மனைவியின் மாற்றுத்துணிப் பையோடு நான் சின்னசேலத்தில் சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தங்கை தேவதர்ஷினி பேசினாள். பேச்சு விட்டுவிட்டு வந்தது. "மாமா... அக்கா... டாக்டர் இப்பதான்..." நடுவில் விழுந்துபோன சொற்களை நானே நிரப்பிக்கொண்டேன். சரியாகத்தான் நிரப்பியிருந்தேன்.

என் மனைவி எழில்மதிக்கு முப்பத்தெட்டு வயது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "ரொம்ப அமைதியான பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. அமைதியா! கச்சிராயபாளையம் கடைத்தெருவில், டீக்கடை வாசலில், பொட்டு ஒட்டிய காகிதம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் குதித்ததை இவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

எழில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. ஆசிரியர் வேலை அமையவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருந்தாள். சாதிச் சான்று, பட்டா, ஆதார் திருத்தம் என்று நாளெல்லாம் மற்றவர்களுடைய எழுத்துப் பிழைகளைச் சரிசெய்வதுதான் பிழைப்பு. நான் பி.காம். படித்தவன். அதே தெருவில் உரக்கடையில் வேலை. எதிரில் சரத்குமாரின் டீக்கடை. அங்கே பாய்லருக்கு மேலே போனில் பணம் அனுப்புவதற்கான கட்டம்போட்ட க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தது. பால் பொங்கி வழிந்து, வடை எண்ணெய் தெறித்து, கீழ் மூலை ஒன்று கருகியே போயிருந்தது. ஒருநாள் அதை நோக்கி நான் போனைக் காட்டினேன். டக்கென்று படித்துவிட்டது.

எழில் டீயை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, அதுல ஒரு மூலையே இல்லியே. அப்பால எப்படிப் படிச்சது?"

"போன் நல்ல போன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நேராக மையத்துக்குப் போய் அதே அட்டையைச் சில நகல்கள் அடித்துக்கொண்டு வந்தாள். கைப்பையிலிருந்து கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். வெள்ளைக் கட்டங்களின்மேல் பொட்டு பொட்டாக ஒட்ட ஆரம்பித்தாள். ஒரு பொட்டு ஒட்டுவாள், போனைக் காட்டுவாள். படிக்கும். இன்னொன்று. படிக்கும்.

"இன்னும் படிக்குதுங்க! இவ்ளோ கெடுத்தும் படிக்குது!"

சரத்குமார் கண்ணாடித் தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தான். "யக்கா, பொட்டு வெச்சாச்சு. பூவும் வெச்சிட்டீங்கன்னா என் கடைக்கு ஒரு மாப்பிள்ள பாத்துடலாம்."

அடுத்த பொட்டில் போன் திகைத்து நின்றது. படிக்கவில்லை. எழில் அந்த ஒரு பொட்டை மட்டும் நகத்தால் பெயர்த்தாள். படித்தது! அப்போதுதான் குதித்தாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. கல்லூரியில் படித்த பாடம்தானாம், யாரும் இப்படி டீக்கடையில் வைத்துக் காட்டவில்லையாம். "தப்பு வராம பாத்துக்கிறது வேறங்க. இது அப்படி இல்ல. தப்பு வரும்னு தெரிஞ்சிக்கினே எழுதுறது. செய்தியோட கூடவே கொஞ்சம் சாட்சியும் அனுப்புறாங்க. வழியில எது கெட்டாலும், கெட்டது எதுன்னு சாட்சிங்க சேர்ந்து காட்டிக் குடுத்துடும்." காய்கறி நறுக்கிக்கொண்டே சொல்வாள். நான் தலையாட்டுவேன். ஒன்றும் புரியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இருக்கும்.

அந்த வாரங்களில்தான் குமார் வந்தான். கல்வராயன் மலையில் மேல்ஈச்சங்காடு என்ற சிற்றூர்க்காரன். மனைவி வளர்மதிக்குக் கர்ப்பப் பதிவு செய்ய வேண்டும். எழில் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"எத்தனாவது பிரசவம்ண்ணே?"

"ரெண்டாவது. மொதலாவது..." என்று நிறுத்தினான். "அது தங்கல மேடம்."

அவர்கள் ஊரில் போன் எடுக்காது. ஊருக்கும் தார்ச்சாலை முடியும் வண்டிமுனைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. வண்டிமுனையில் வீரமணி என்பவர் ஜீப் வைத்திருக்கிறார். சுற்றிக்கொண்டு போகும் மண்பாதையில் அவர் ஜீப் மட்டும்தான் ஏறும், அதுவும் அழைத்தால்தான். அழைப்பதற்கு ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர் ஓரத்தில், வண்டிமுனைக்குத் தெரியும்படி துருத்திக்கொண்டிருக்கும் கொடிப்பாறையில் துணி கட்டுவார்கள். சிவப்பு என்றால் ஆளுக்கு ஆபத்து, வெள்ளை என்றால் மரவள்ளி மூட்டை. வளர்மதிக்கு முதல் பிரசவத்தில் வலி எடுத்தபோது குமார் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தான். ஜீப் வரவே இல்லை. காற்று துணியை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். கட்டிலில் வைத்துத் தோளில் சுமந்து இறக்கினார்கள். வண்டிமுனைக்கு வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்து இறந்திருந்தது.

"இந்த வாட்டியும் துணிதான் மேடம். டவர் வரும் வரும்னு சொல்லிக்கினே கீறாங்க" என்றான் குமார்.

அன்று மாலை எழில் சமைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த வளையல்களில் மூன்றைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் வைத்தாள். சிவப்பு, பச்சை, நீலம். "இங்க பாருங்க, மூணு வளையலுக்குள்ள ஏழு அறை இருக்கு" என்றாள். எண்ணிப் பார்த்தேன். இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலையேறினோம். கொடிப்பாறையில் ஊரே கூடிவிட்டது. குமாரின் அம்மா வெள்ளச்சி முன்வரிசையில், இடுப்பில் கை வைத்தபடி.

"காத்து ஒரு துணிய அடிச்சிக்கினு போச்சு. அதுக்கு மூணு செவப்புத் துணி கட்டுனா தீந்துது. இதுக்கு ஒரு படிச்ச பொம்பள கீழேர்ந்து வரணுமா?"

எழில் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா! கரெக்டா அதான் மொத வழி! ஒரே சேதிய மூணு தரம் சொல்றது. ஒன்னு கெட்டாலும் மீதி ரெண்டு சொல்லும். ஆனா உங்களுக்குச் சேதி ஒன்னே ஒன்னுதானா? பாம்புக்கடி, காய்ச்சல், பிரசவம், மரவள்ளி, ரேஷன்..."

"சாராயத்த வுட்டுட்டியே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அதுக்கு நீயே நடந்து போவ. ஜீப்பு வேணாம்" என்றாள் வெள்ளச்சி.

எழில் விளக்கினாள். நாலு மூங்கில் நட்டு, ஒவ்வொன்றிலும் துணி உண்டு அல்லது இல்லை என்று வைத்தால் பதினாறு விதமாகக் கட்டலாம். பதினாறு செய்தி. ஒவ்வொரு மூங்கிலையும் மூன்றாக்கினால் பன்னிரண்டு மூங்கில் வேண்டும். "ஆனா ஏழே போதும்!" என்று அவள் சொன்னபோது குரல் கீச்சென்று போய்விட்டது.

வழி இதுதான். ஏழு அறைகளுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண்; அறைக்கு ஒரு மூங்கில். வளையல்கள் ஒன்றையொன்று வெட்டும் நாலு அறைகள் செய்திக்கு: ஒன்று சிவப்புக்கும் பச்சைக்கும் பொது, இரண்டு பச்சைக்கும் நீலத்துக்கும், மூன்று சிவப்புக்கும் நீலத்துக்கும், நாலு எல்லாவற்றுக்கும். ஒவ்வொரு வளையலுக்கும் தனியே சொந்தமான மூன்று அறைகள் சாட்சிக்கு: ஐந்து சிவப்பு, ஆறு பச்சை, ஏழு நீலம். செய்திக்குத் துணி கட்டியபின், ஒவ்வொரு வளையலுக்குள்ளும் இருக்கும் துணிகள் இரட்டைப்படையாக வரும்படி சாட்சித் துணிகளைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். பிரசவ வலிக்கு ஒன்றிலும் இரண்டிலும் துணி என்று ஊர் முடிவுசெய்தது. அதற்குச் சாட்சி ஐந்தும் ஏழும். ஆறு காலி. மரவள்ளி தயார் என்றால் செய்திக்கு இரண்டாவது மட்டும், சாட்சிக்கு ஆறும் ஏழும்.

கீழே வண்டிமுனையில் வீரமணியின் ஜீப் நிற்கும் கொட்டகையில் ஒரு பழைய கேரம் போர்டு இருந்தது. எழில் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பெயிண்டால் மூன்று வளையம் வரைந்தாள். எந்த மூங்கிலில் துணி தெரிகிறதோ அந்த அறையில் ஒரு கேரம் காய் வைக்க வேண்டும். எல்லா வளையத்திலும் இரட்டைப்படை என்றால் செய்தி சுத்தம். ஒற்றைப்படை வந்த வளையம் அழுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அழுகிற வளையங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகவும், அழாத வளையத்துக்கு வெளியேயும் இருக்கிற அறை எது? அதுதான் கெட்டுப்போனது. அங்கே காய் இருந்தால் எடு, இல்லாவிட்டால் வை.

வீரமணிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, எதையும் சந்தேகிக்கிற ஆள். அவரே வேண்டுமென்றே ஒரு காயை எடுத்துவிட்டு, "இப்ப சொல்லு தங்கச்சி" என்றார். அவள் அழும் வளையங்களைக் காட்டிக் காயைத் திருப்பி வைத்தாள். இன்னொன்றை எடுத்தார். அதையும் பிடித்தாள். கடைசியில் சாட்சிக் காயையே எடுத்தார்.

"சாட்சியே பொய் சொன்னா?"

"அப்ப ஒரே ஒரு வளையல்தான் அழும்ண்ணே! பாருங்க, பச்ச மட்டும் அழுவுது. ஆறாவதுதான் பொய்!"

வீரமணி காயைத் திருப்பி வைத்துவிட்டுக் காதைச் சொறிந்தார். "எங்க வூட்ல இப்படி ஒரு போர்டு இருந்தா நான் ஒரு நாளும் தப்ப முடியாது."

ஏழு துணிகளையும் எழிலே தைத்தாள். தூரத்திலிருந்து கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறம்.

குறித்த தேதிக்கு முன்பே வளர்மதிக்கு வலி எடுத்தது. அது ஒரு வியாழக்கிழமை. காலையில் நல்ல காற்று. நான் எழிலுக்குச் சாப்பாடு கொடுக்க மையத்துக்குப் போயிருந்தேன். அவள் போன் அடித்தது. வீரமணி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, மேல துணி கட்டிக்கீறானுங்க. ரெண்டு, அஞ்சு, ஏழு. மூணே துணி. சேதிக்கு ரெண்டு மட்டும்னா மரவள்ளி. சாயங்காலமா போய்க்கலாம்னு பாக்கிறேன்."

"வளையல் இன்னாண்ணே சொல்லுது?"

"செவப்பு அழுவுது. பச்சயும் அழுவுது. நீலம் சும்மா கீது."

எழிலுக்குப் போர்டு தேவைப்படவில்லை. கண்ணை மூடினாள், திறந்தாள். "அண்ணே, ஒன்னாவது மூங்கில்! அதுல துணி இருக்கணும். அதையும் வெச்சா ஒன்னு, ரெண்டு, அஞ்சு, ஏழு. வலிண்ணே அது! வண்டிய எடுங்க!"

"ஒன்னாவது மூங்கில் பளிச்சுனு தெரியுது. அதுல ஒன்னுமே இல்ல."

"இல்லாததுதாண்ணே தப்பு!"

வீரமணி விடவில்லை. "இரு இரு. மரவள்ளின்னா ரெண்டு, ஆறு, ஏழு. குமாரு பதட்டத்துல ஆறுல கட்ட வேண்டியத அஞ்சுல கட்டியிருந்தா? மழ பெஞ்ச பாத. சும்மா ஏறி வண்டி மாட்டிக்கினா நாளைக்கு நெஜமான அவசரத்துக்கு ஜீப்பே இருக்காது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் எழிலைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது மரவள்ளின்னா ரெண்டு மூங்கில் தப்பா இருக்கணும்ண்ணே. ஆறுல இல்லாம போயி, அஞ்சுல ஜாஸ்தியா வந்திருக்கணும். வலின்னா ஒரே ஒரு துணி விழுந்தா போதும். எது நடக்க சுலுவு? இந்தப் பதினாறு சேதியில எத எடுத்தாலும் இன்னொன்னுக்கு மூணு மூங்கிலாவது வித்தியாசம் இருக்கு. நீங்க பாத்தது வலியிலேர்ந்து ஒரே ஒரு மூங்கில் தள்ளி நிக்குது. மத்த எல்லாமே அதவிட தூரம். போங்கண்ணே!"

பிறகு ஜீப் கதவு அறைந்து சாத்தும் ஓசை போன் வழியாகக் கேட்டது.

அதன்பின் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மலைக்குள் போனால் வீரமணியின் போனும் செத்துவிடும். எழில் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒரு விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் ஊர்ப்பெயரைப் போட்டாள், அழித்தாள், மறுபடி அதையே போட்டாள். "ஒரு வேள ரெண்டு தப்பா இருந்தா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "ஒன்னாத்தான் இருக்கும்" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கில் அவள் என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினாள்.

மூன்று மணிக்குமேல் போன் வந்தது. இந்த முறை குமார், வண்டிமுனையைத் தாண்டிய ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து. பேச்சுக்கு முன்னால் குழந்தையின் அழுகைதான் கேட்டது. பெண் குழந்தை. ஜீப் போய்ச் சேர்ந்தபோது வளர்மதிக்குப் பனிக்குடம் உடைந்திருந்தது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம், நர்ஸ் இருந்ததால் பிழைத்தது. எழில் மேசைமேல் இரண்டு கையாலும் அடித்து, "நீலம் அழல! நீலம் அழலியே!" என்று கத்தினாள். சான்றிதழுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், "யாரும்மா அந்த நீலம், சொந்தமா?" என்று என்னிடம் விசாரித்தார்.

குழந்தையைப் பார்க்க நாங்கள் மலைக்குப் போனபோதுதான், ஒன்றாவது துணி எங்கே போனது என்று தெரிந்தது. காற்று ஒன்றும் செய்யவில்லை. மேல்ஈச்சங்காட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தால், அந்த வீட்டுக்காரர்கள் போட்ட முடிச்சு எதுவும் அவிழாமல் இருக்கக்கூடாது. முடிச்சு இருந்தால் பிள்ளைக்கு வழி அடைபடும். வெள்ளச்சி மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள், கூந்தலை அவிழ்த்துக்கொண்டாள், தானிய மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.

"என் லுங்கிய அவுக்கச் சொல்லித் தொரத்துச்சு மேடம்" என்றான் குமார். "நான் கையில புடிச்சிக்கினே பாறைக்கு ஓடினேன்."

அவன் நாலு துணியையும் கட்டிவிட்டுத் திரும்பிய பிறகு வெள்ளச்சி பாறைக்கு வந்திருக்கிறாள். மகன் கட்டிய நாலு முடிச்சு! ஒன்றாவதை அவிழ்த்தாள். இரண்டாவதில் கை வைக்கும்போது வளர்மதி அலறும் குரல் கேட்டுத் திரும்பி ஓடிவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளச்சி சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மொத புள்ளைக்கும் செவப்புத் துணிய நாந்தான் அவுத்தேன். நல்லதுக்குன்னுதான் அவுத்தேன்."

குமார் எழுந்து வெளியே போனான். வளர்மதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எழில் அந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பெரியம்மா, நீங்க அவுக்கிறத அவுத்துக்கினே இருங்க. நான் இன்னொரு மூங்கில் நடறேன்" என்றாள்.

திரும்பும் வழியில் ஜீப்பில் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. வெள்ளச்சி ஒன்றையும் இரண்டையும் அவிழ்த்திருந்தால் பாறையில் ஐந்தும் ஏழும் மட்டும் நின்றிருக்கும். சிவப்பும் நீலமும் அழும், பச்சை அழாது. வளையல்கள் மூன்றாவது மூங்கிலைக் குற்றவாளியாகக் காட்டும். செய்திக்கு மூன்றாவது மட்டும் என்றால் ரேஷன்; பிரசவ வலி ரேஷனாக மாறிவிடும். "நம்ம கணக்கே நம்மளுக்குப் பொய் சொல்லியிருக்கும்ங்க! சத்தியமா நம்பியிருப்பேன்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

எட்டாவது மூங்கில் எதற்கு என்று வீரமணிக்கு ஓடும் வண்டியிலேயே பாடம் நடந்தது. கட்டும்போது ஏழு மூங்கிலையும் சேர்த்து மொத்தத் துணிகளை எண்ண வேண்டும். ஒற்றைப்படையாக வந்தால் எட்டாவதில் ஒரு துணி, இல்லையென்றால் காலி. எட்டையும் சேர்த்தால் எப்போதும் இரட்டைப்படை. கீழே பார்க்கும்போது வளையல் அழுது, எட்டின் மொத்தமும் ஒற்றையாக இருந்தால் ஒரு தப்பு, திருத்திக்கொள்ளலாம். வளையல் அழுது, மொத்தம் மட்டும் இரட்டையாக நின்றால் இரண்டு தப்பு.

"அப்ப எத திருத்துறது?" என்றார் வீரமணி.

"ஒன்னும் திருத்தாதீங்க. வண்டிய எடுத்துக்கினு மேல போயிடுங்க. ஒரு சேதி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாலே அது பெரிய சேதிண்ணே."

வீரமணி ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டு, "எட்டு மூங்கிலு, எட்டு துணி, ஒரு மாமியாரு" என்று பாட ஆரம்பித்துவிட்டார். மலை இறங்கி முடிக்கும்வரை எழிலும் கூடவே பாடினாள். அவளுக்குக் குரல் கிடையாது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது நினைத்தால் கையை எடுத்திருக்கலாம்.

குமார் மறுவாரமே எட்டாவது மூங்கிலை நட்டுவிட்டதாகச் சொல்லியனுப்பினான். அந்த ஊரில் இன்னும் இரண்டு பெண்கள் முழுகாமல் இருக்கிறார்கள். எட்டாவது துணிக்கான ஆரஞ்சுத் துணியை எழில் கள்ளக்குறிச்சியில் வாங்கிவந்து, வெட்டி, தைக்க உட்கார்ந்தாள். அது இப்போதும் தையல் மெஷினில் ஊசிக்குக் கீழேதான் இருக்கிறது. மூன்று பக்கம் ஓரம் மடித்துத் தைத்திருக்கிறாள். நாலாவது பக்கத்தில் தையல் பாதிவரை வந்திருக்கிறது.